கஸ்டமர் மட்டும் எங்க போயிடுறான்?

கேள்வி: வாரத்துக்கு ஒரு நியூஸ், ஸ்பாவுல ரெய்டு, அழகிகள் மீட்புன்னு. பேசாம பாலியல் தொழிலுக்கு லைசென்ஸ் குடுத்து லீகல் ஆக்கிட்டா சின்னப் பொண்ணுங்கள கடத்திட்டு வர்றது நின்னுடாதா சார்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: முதல்ல அந்த 'அழகி'ய நம்ம பத்திரிகைக்காரங்க விட்டுத் தொலைக்கணும், 15 வயசுல கடத்திட்டு வந்த பொண்ணும் அழகிதானா? சரி, விஷயத்துக்கு வர்றேன். 18 தாண்டினவ தன் இஷ்டத்துல இந்தத் தொழில் பண்றது நம்ம நாட்டுல குற்றமே இல்லைங்க. விடுதி நடத்துறது, ஆள் பிடிச்சு விடுறது, அவ சம்பாத்தியத்துல உக்காந்து தின்னுறது, ரோட்டுல நின்னு கூப்பிடுறது, இதெல்லாம் 1956ல வந்த ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்துல குற்றம். சுப்ரீம் கோர்ட் போட்ட குழுவும், ரெய்டு போனா அந்தப் பொம்பளைங்கள அரெஸ்ட் பண்ணாதீங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு, ஆனா மத்திய அரசு தயக்கம் சொன்னதால 2022 மே மாசம் கோர்ட் போட்ட உத்தரவுல அது கட்டாயம் ஆகல. வயசு வந்தவங்களுக்குக் குற்றம் இல்லாதப்பவே கடத்தல் நடக்குது, அதனால லைசென்ஸ்னால மைனர் பொண்ணுங்க தப்பிச்சுடுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல, லைசென்ஸ் போர்டுக்குப் பின்னாடியே புரோக்கர் அவங்கள போலி ஆதாரோட உக்கார வைப்பான்.

மாத்த வேண்டியது வேற. அந்தப் பழைய சட்டத்துல 16 முடியாதவங்கதான் 'குழந்தை', 16லேருந்து 18 வரைக்கும் 'மைனர்'னு தனியா வச்சிருக்காங்க. ஆள் பிடிச்சுக் குடுத்தவனுக்கு, 15 வயசுப் பொண்ணுன்னா ஆயுள் வரைக்கும் போகலாம், 17ன்னா 14 வருஷத்தோட நின்னுடும். ஆனா 2012ல வந்த போக்சோல 18 வரைக்கும் எல்லாருமே குழந்தைதான். இன்னொண்ணு, ரோட்டுல நின்னு கூப்பிட்டாங்கன்னு கேஸ் போடுற, அந்தப் பழைய சட்டத்தோட 8வது பிரிவுல வயசு விலக்கே எழுதல. 18 முடியாதவங்களுக்கு இது பொருந்தாதுன்னு ஒரே ஒரு வரி சேர்க்க இத்தன வருஷமா கை வரல! 2018ல கடத்தல் தடுப்பு மசோதா லோக்சபால பாஸ் ஆச்சு, ராஜ்யசபாவ தாண்டாமலே காலாவதி ஆயிடுச்சு.

கேள்வி: கஸ்டமர், "வயசு தெரியாது சார்"னு சொல்லித் தப்பிச்சுக்க முடியுமா? (அதே வாசகர்)

பதில்: பழைய சட்டத்த மட்டும் போட்டா அவன் நழுவ நிறைய வழி இருக்கு. எஃப்ஐஆர்ல போக்சோவும் சேர்ந்தா கதை வேற, அதுல 30வது பிரிவுப்படி குற்ற எண்ணம் இருந்துச்சுன்னுதான் கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு அவன்தான் நிரூபிக்கணும். வயசுக்கு ஸ்கூல் சர்டிஃபிகேட், அது இல்லன்னா பிறப்புச் சான்றிதழ், ரெண்டும் இல்லன்னாத்தான் எலும்பு டெஸ்ட். புரோக்கர் நீட்டுற ஆதார் அந்த லிஸ்ட்லயே கிடையாது.