வார்டனுக்குத் தெரியாமல் வாயை யாரிடம் காட்டுவது?

"சென்னைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி வாசம். போன மாதம் எங்கள் வளாகத்தைப் 'புகையிலை இல்லா வளாகம்' என்று அறிவித்து, அறைகளில் சோதனையும் ஆரம்பித்தார்கள். அன்றோடு சிகரெட்டை விட்டேன். ஆனால் முதலாண்டிலிருந்தே பழகிய மாவாவும் (பாக்கு-புகையிலைக் கலவை), உதட்டுக்குள் வைக்கும் கூலும் (சின்னப் புகையிலைப் பொட்டலம்) கூடிவிட்டன. இப்போது இருமல், நெஞ்சுக் குத்தல், தூக்கமின்மை, முடி உதிர்வு, வாய்ப்புண். மெஸ் சாம்பாரே எரிகிறது. கேன்டீனில் முட்டை பப்ஸைக் கடிக்க முடியாமல் பிய்த்துத்தான் சாப்பிடுகிறேன். இணையத்தில் தேடினால் எல்லாமே புற்றுநோய் என்கிறது. மெடிக்கலில் வாங்கிய ஜெல் தடவுகிறேன். நிகோடின் சூயிங்கம் வாங்கலாமா, வேப்புக்கு (மின்சிகரெட்) மாறலாமா? விடுதிக்குத் தெரியாமல் சரிசெய்ய வழி சொல்லுங்கள்."
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டாவது முறை படித்தது அந்த முட்டை பப்ஸ் வரியைத்தான். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள்.

வாயை முடிந்தவரை திறந்து, உங்கள் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். உங்கள் வாய்க்கு உங்கள் விரல்தான் அளவு. நண்பனின் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். மூன்றும் தாராளமாகப் போனால் நல்லது. இரண்டோடு நின்றுவிட்டால் இந்த வாரமே மருத்துவமனைக்குப் போகவேண்டும். செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளக் கூடாது. அப்படியே மொபைல் டார்ச்சை அடித்துக் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளிறிக் கிடக்கிறதா? விரலால் தடவினால் பட்டை பட்டையாகத் தட்டுப்படுகிறதா? நாக்கை முன்போல் வெளியே நீட்ட முடிகிறதா? விசில் வருகிறதா?

நான் சந்தேகப்படுவது வாய்ச் சளிச்சவ்வின் அடியில் நார்த்திசு சேர்ந்து இறுகும் நோயை. இதற்கு முதல் குற்றவாளி புகையிலைகூட இல்லை, மாவாவில் இருக்கும் பாக்கு. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் சவ்வுக்கு அடியில் நாரை உற்பத்தி செய்யவைத்துக்கொண்டே இருக்கும். கன்னம் மெல்ல மெல்ல நனைந்து காய்ந்த தோல்செருப்பு மாதிரி விறைத்துவிடும். காரம் எரிவது இதன் ஆரம்பம். வாய் திறப்பது குறைவது அடுத்த கட்டம். நீங்கள் இரண்டையும் எழுதிவிட்டு, முடி உதிர்வுக்கும் அதே கனத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

புற்றுநோயா என்றால், கடிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த இறுக்கம் தன்னளவில் புற்றுநோய் அல்ல. பிற்காலத்தில் புற்றுநோயாக மாற வாய்ப்புள்ள நிலை, அவ்வளவுதான். மாறுவது சிலருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து. பாக்கும் புகையிலையும் சேர்ந்த கலவையை மென்றுகொண்டே இருந்தால் அந்தச் சிலரில் ஒருவராக நீங்களே போய்ச் சேருகிறீர்கள். இன்றோடு நிறுத்தினால் இறுக்கம் மேலும் கூடாமல் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே இறுகியது முழுதாகப் பழையபடி ஆகாது. ஆனால் சீக்கிரம் வந்தால் வாய் திறக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் கன்னத்துக்குள் போடும் ஊசி என்று ஓரளவு மீட்கலாம். ஒரு விரல் நுழையும் அளவுக்கு வந்தபின் வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் மிச்சம்.

கூல் வைக்கும் உதட்டின் உட்புறம் சுருங்கி வெள்ளையாக இருந்தால், வைப்பதை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் போய்விடும். போகாத வெள்ளைத் தடிப்பு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவற்றிலிருந்து சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். "சதை எடுத்தால் பரவிவிடும்" என்று யாராவது யூடியூபில் சொன்னால் அதை அங்கேயே மூடிவிடுங்கள்.

இப்போது மற்ற பட்டியல். புகைப்பதை நிறுத்தியதும் நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது சில வாரம் இருமல் கூடும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே வாருங்கள். விரலால் தொட்டுக் காட்ட முடிகிற, அழுத்தினால் வலிக்கிற நெஞ்சுக் குத்தல் பெரும்பாலும் தசைவலி. நடந்தால் கூடுகிற பாரம் என்றால் அது வேறு கதை. தூக்கம் போனதற்கு நிகோடினே காரணம்: இரவு பதினொரு மணிக்குக் கூல் வைத்துக்கொண்டு படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? முடியைப் பற்றி இப்போது பேச எனக்கு நேரமில்லை.

நீங்கள் உண்மையில் பயப்படுவது வார்டனுக்கு என்று நினைக்கிறேன். அதனால்தான் பல் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் கடைக்குப் போயிருக்கிறீர்கள். கல்லூரி மீது எனக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. மத்திய அரசு 2019-ல் புதுப்பித்த புகையிலை இல்லாக் கல்வி நிறுவன வழிகாட்டுதலில் சிகரெட் துண்டு மட்டுமல்ல, எறிந்த பாக்கெட்டும் எச்சில் கறையும்கூட வளாகத்தில் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. புகை நாற்றத்தை மட்டும் மோப்பம் பிடித்தால் பையன்கள் நாற்றமில்லாத சரக்குக்குத் தாவத்தான் செய்வார்கள். கூலுக்குப் புகையும் இல்லை, துப்பவும் வேண்டாம். வகுப்பில் முதல் பெஞ்சிலேயே வைத்துக்கொண்டு உட்காரலாம்.

2003-ம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கல்லூரியின் வெளிச் சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது 2013-ல். உங்கள் மாவா எங்கிருந்து வருகிறது என்று அறையைச் சோதிக்கிறவர்கள் தெருமுனையில் போய்ப் பார்க்கட்டும். வாகன நிறுத்தத்தில் புகைவிடும் ஆசிரியர்களையும் பார்க்கட்டும். பிடிபட்ட மாணவனுக்கு அபராதச் சீட்டோடு, எங்கே போய் நிறுத்துவது என்று ஒரு முகவரியும் கொடுத்தால்தான் அந்த அறிவிப்புப் பலகைக்கு அர்த்தம்.

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும்? சென்னையில் இருக்கிறீர்கள், அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். "வாய் திறக்க முடியவில்லை, காரம் எரிகிறது, மாவா பழக்கம் உண்டு" என்று மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதை மறைத்தால் வைட்டமின் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோயாளி சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. உங்கள் விடுதிக்கு யாரும் போன் போடப் போவதில்லை.

சூயிங்கம் உங்களுக்குச் சரிவராது. அதை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, மறுபடி மெல்லவேண்டும். விறைத்த தாடைக்கும் எரிகிற வாய்க்கும் அது தண்டனை. தேவையென்றால் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையை, அளவு சொல்லி, மருத்துவர் எழுதித் தருவார். நீங்களாக வாங்க வேண்டாம். வேப்பின் விற்பனையே 2019 முதல் இந்தியாவில் தடை. அதிலும் பெரும்பாலும் அதே நிகோடின்தான். முதல் மூன்று நான்கு நாள் எரிச்சலும் கோபமும் வரும். சில வாரத்தில் அடங்கும். அந்த நாட்களில் கை பரபரத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள், இத்தனை நாள் பார்த்திருப்பீர்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் பழக்கத்தை நிறுத்த உதவும் மையம் உண்டு. அங்கே போனால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

ஜெல்லை இன்றோடு நிறுத்துங்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்து இருந்தால் அது எரிச்சலை மறைத்து இன்னும் கொஞ்ச நாள் உங்களை விடுதியிலேயே உட்காரவைக்கும். தூக்கி எறியாமல் ட்யூபை ஓ.பி.க்குக் கொண்டுபோங்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கவேண்டும்.