வீடியோ திக்கித் திக்கி ஓடினால் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர். போனில் எடுத்த வீடியோவைப் போட்டால் சத்தம் சரியாக வருகிறது, படம் மட்டும் நின்று நின்று ஓடுகிறது. யூடியூபிலும் சில சமயம் இப்படித்தான். கடையில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது, நாங்கள் பொறுக்கவில்லை.

தங்கையின் வளைகாப்பைத் தம்பி தன் புதுப் போனில் எடுத்திருந்தான். அப்பாவுக்கு அதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தது 2014-இல் வாங்கிய, இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர் போட்ட கணினி. பெண்கள் பாடுவது தெளிவாகக் கேட்கிறது; வளையல் போடும் கை மட்டும் பாதி வழியில் உறைந்து நிற்கிறது. கடையில் ராம் போதவில்லை என்றார்கள். வாங்கிப் போட்டோம். கை அங்கேயேதான் நின்றது.

சத்தம் வருவதால் ஃபைல் கெடவில்லை என்று புரிகிறது, பிறகு படத்துக்கு மட்டும் என்ன கேடு? சுருக்கி வைத்த சத்தத்தை விரிக்கக் கணினிக்குக் கொஞ்ச வேலைதான். படத்தை விரிப்பதுதான் பெரும்பாடு. பிளேயர் பொதுவாகச் சத்தத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு ஓடும். நேரத்துக்குள் தயாராகாத ஃப்ரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, தள்ளிவிட்டுப் போய்விடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே படம் எந்த முறையில் (இதைத்தான் கோடெக் என்பார்கள்) சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. 2003-இல் வந்த எச்.264 என்றால் பழைய கணினிகளும் சிரமமில்லாமல் ஓட்டும், அதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. இப்போதைய போன்கள் பல எடுப்பது 2013-இல் வந்த எச்.265-இல், எச்இவிசி என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும், ஆனால் விரிப்பதற்கு வேலை அதிகம். இன்டெல்லில் ஆறாம் தலைமுறையிலிருந்துதான் இதற்கான தனிப் பகுதி வந்தது, நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வீடியோவுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். எங்கள் ஐ3-இல் அது இல்லாததால் முழுச் சுமையும் பிராசசரின் தலையில் விழுந்தது. ராம் எவ்வளவு போட்டாலும் இது தீராது.

உங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்று பார்க்க விஎல்சி என்ற இலவச பிளேயரில் அதைத் திறந்து கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக், அகலம் உயரம், விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் எல்லாம் வரும். எங்களுடையது எச்இவிசி, 4கே, 60 ஃப்ரேம். அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சிபியூ, அதாவது பிராசசர், நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

செலவில்லாத வழி, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதை எச்.264-ஆக மாற்றுவது. 'ஃபாஸ்ட் 1080பி30' என்று தயாராக ஓர் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. பழைய கணினியில் நேரம் பிடிக்கும். நாங்கள் ராத்திரி ஓட விட்டுவிட்டுத் தூங்கினோம். காலையில் அப்பா காப்பி டம்ளரோடு உட்கார்ந்து முழுதும் பார்த்தார். அந்த டம்ளர் ஆறிப் போனதைப் பார்த்தபோது, ராமுக்குக் கொடுத்த பணத்தைவிட அவரை இரண்டு வாரம் காத்திருக்க வைத்ததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

படமே வராமல் கறுப்பாக இருந்து சத்தம் மட்டும் வந்தால் அது வேறு சங்கதி. விண்டோஸ் 10-இல் கூடவே வரும் பிளேயருக்கு எச்இவிசி தெரியாமல் இருக்கலாம். விஎல்சி தனக்கு வேண்டியதைத் தானே வைத்திருக்கிறது, அதில் திறந்து பாருங்கள். அதைத் தயாரிக்கும் வீடியோலேனின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'கோடெக் பேக்' என்று தேடலில் வருவதை எல்லாம் நிறுவ வேண்டாம், வேண்டாத மென்பொருளும் சேர்ந்து உள்ளே வந்துவிடும்.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். ஓடுகிற வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'பஃபர் ஹெல்த்' (முன்கூட்டியே இறக்கி வைத்த விநாடிகள்) பூஜ்யத்துக்கு இறங்கும்போது படம் நின்றால் இணையம்தான் காரணம். அது பத்து, இருபது விநாடி என்று தாராளமாக இருக்கும்போதே 'ட்ராப்ட்' (தவறவிட்ட ஃப்ரேம்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உங்கள் கணினி திணறுகிறது. இணைய நிறுவனத்தோடு சண்டை போடுவதற்கு முன் இந்த ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கோடெக் என்ற வரியில் பெரும்பாலும் விபி09 (விபி9) அல்லது ஏவி01 (ஏவி1) என்று இருக்கும், இரண்டும் வேறு சுருக்கும் முறைகள். ஏவி1 வந்தது 2018-இல், இன்டெல்லில் பதினொன்றாம் தலைமுறையிலிருந்துதான் அதற்குச் சிப்பில் உதவி. பிரவுசரில் 'என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை' என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் யூடியூப் எச்.264-ஐ அனுப்பும். 1080பி வரைதான் கிடைக்கும், வீட்டு மானிட்டருக்கு அது போதும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திக்கினால் மூடியைக் கழற்றிப் பாருங்கள், ஃபேனில் தூசி அப்பியிருக்கும். படம் பச்சையாக வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். பச்சை பிரவுசரில் மட்டும் வந்தால் அதன் செட்டிங்ஸில், வீடியோ வேலையைச் சிப்பிடம் தரும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை ஒரு முறை அணைத்துப் பாருங்கள். எந்தப் பிளேயரிலும் திறக்கவே மறுக்கும் ஃபைல் என்றால் போனில் இருப்பதோடு அளவை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பாதியில் நின்றுபோன நகல்தான்.

இனி எடுக்கப் போகிற வீடியோக்களுக்குப் போன் கேமராவை 1080பி-க்கு மாற்றுங்கள். ஐபோன் என்றால் கேமரா அமைப்பில் 'ஃபார்மேட்ஸ்' உள்ளே 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வையுங்கள். ஏற்கெனவே எடுத்ததை மாற்றி முடித்ததும் மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். மாற்றிய பிரதியில் தரம் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும், அதை மறுபடி கூட்ட முடியாது. எங்கள் வளைகாப்பு வீடியோவின் மூலப் பிரதி இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.