கேம்பர் வண்டியில் வெந்நீரையும் கழிவுநீரையும் எப்படிச் சமாளிப்பது?

படுக்கை, சமையல், குளியல் வசதியோடு தங்கிப் பயணிக்கும் கேம்பர் வண்டியை, குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் நிறுத்தினால் வெந்நீர் போதுமா, கழிவுநீரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெந்நீரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பல வண்டிகளில் ஹீட்டர் தொட்டி சுமார் 23 லிட்டர் கொள்ளும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். காலித் தொட்டியில் மின்சுருள் சீக்கிரமே கருகிவிடும்.

உண்மையான தலைவலி கழிவுநீர்தான். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் தொட்டி பெரும்பாலும் முதலில் நிறைந்துவிடும். உடம்பை நனைத்ததும் ஷவரை மூடி, சோப்பு தேய்த்த பிறகு திறந்து அலசுங்கள். சூடு வரும்வரை ஓடும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்துக் கழிவறையில் ஊற்றலாம். கழிவறைக்கென்று தனியாக உள்ள தொட்டிக்கு எப்படியும் தாராளமாகத் தண்ணீர் வேண்டும்.

கழிவறைத் தொட்டியின் வால்வை மட்டும் ஒருபோதும் திறந்தே வைக்காதீர்கள். நீர் வடிந்துபோய், திடக்கழிவு அடியில் தங்கிக் கல்லாக இறுகிவிடும். பிறகு அதைக் கரைப்பது பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பின், கழிவைக் கொட்டுவதற்கென உள்ள இடத்தில், கையுறை அணிந்து முதலில் இந்த வால்வைத் திறந்துவிடுங்கள். அடுத்துக் குளியல் நீரை விட்டால், அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். காலி செய்த பிறகும் அளவுகாட்டி 'நிறைந்தது' என்றே காட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் தொட்டிக்குள் அளவை அறியும் உணரியில் (சென்சாரில்) காகிதம் ஒட்டியிருக்கும்.