ஒண்டியாய்ப் பிள்ளை வளர்ப்போர் கேட்டவை

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. நானும் என் அம்மாவும்தான் வளர்க்கிறோம். மாலையில் கிரெச்சிலிருந்து (பகல்நேரக் குழந்தைக் காப்பகம்) கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனால், மிட்டாய் கேட்டுத் தரையில் விழுந்து புரளுகிறான். "ரெண்டு போடு, அடங்கிடுவான்" என்கிறார் அம்மா. "அப்பன் கண்டிப்பு இல்லாத பிள்ளை" என்று தெருவில் சொல்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அப்பா கூடவே இருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் இரண்டரை வயதில் இப்படித்தான் புரளுகிறார்கள். ஆசையை அடக்கிக்கொள்ளும் திறன் இந்த வயதில் இன்னும் முளைவிடும் நிலையில்தான் இருக்கிறது. மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தையும் போதாது. அதோடு நீங்கள் கடைக்குப் போகும் நேரத்தைக் கவனியுங்கள். மதியச் சாப்பாடு செரித்துப்போய், நாள் முழுக்கப் பத்துப் பிள்ளைகளோடு இருந்த களைப்பில் வருகிறான். பசியும் தூக்கமும் சேர்ந்த நேரம் அது.

முதலில் கிரெச் வாசலிலேயே ஐந்து நிமிடம் உட்காருங்கள். பாதி வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ கொடுத்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள். கடைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள்: "பால், ரொட்டி, சோப்பு. மூன்றுதான்." சோப்பை அவன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் வேலை இருக்கும் பிள்ளை குறைவாகவே கை நீட்டும்.

அப்படியும் விழுந்து புரண்டால், ட்ராலிகள் வராத ஓரத்துக்குத் தூக்கிப் போய் அவன் கண்மட்டத்துக்குக் குந்துங்கள். "மிட்டாய் வேணும்னு கோபம் வந்திருக்கு. இன்னைக்கு மிட்டாய் இல்லை." இவ்வளவு போதும். அலறும்போது எந்த விளக்கமும் காதில் ஏறாது. பக்கத்திலேயே இருந்து அலை இறங்கும்வரை பொறுங்கள், பிறகு தூக்கி அணைத்துக்கொண்டு மீதிச் சாமானை வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது, மூன்று நாள் உறுதியாக இருந்துவிட்டு நான்காம் நாள் ஊர் பார்க்கிறதே என்று வாங்கிக் கொடுக்கும் இடத்தில். இன்னும் கொஞ்சம் நீட்டி அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. நீங்கள் மாறாமல் நின்றால் முதல் சில நாட்கள் அழுகை கூடும், பிறகுதான் குறையும். கூடுகிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

அடி வேண்டவே வேண்டாம். பெற்றவர் அடித்தால் அது "நியாயமான கண்டிப்பு" என்று சொல்லித் தப்பும் வழியை நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பர் 18 அன்று செல்லாததாக்கிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடிபட்ட பிள்ளை அடுத்த நாள் கிரெச்சில் தன்னைவிடச் சின்னதை அடிக்கிறது, அதுதான் கண் முன்னே தெரியும் விளைவு. ஆயாவிடம், அதாவது உங்கள் அம்மாவிடம், "மிட்டாய் கொடுக்காதே" என்று மட்டும் சொன்னால் ஒளித்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் அவர் கையால் ஒரே ஓர் இனிப்பு என்று பொறுப்பை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு பால் குடிக்கிறான் என்றும் பாருங்கள். அரை லிட்டரைத் தாண்டினால் சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும், சிடுசிடுப்பு கூடும். நம் வீடுகளில் புட்டியில் பால் தேநீர் கொடுக்கும் பழக்கம் வேறு இருக்கிறது. தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. நிறுத்துங்கள். இரண்டரை வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், பிள்ளையின் தடுப்பூசியும் வளர்ச்சியும் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போய்க் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தெருப்பேச்சுக்கு: "அவன் காதுபட இதைச் சொல்லாதீங்க அக்கா." இது ஒன்றே போதும். அவனே அப்பாவைக் கேட்டால், "அப்பா வேற வீட்டில் இருக்கார், நீ எங்களோட இருக்கே" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "வேலைக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவைத்தால், தினம் மாலை வாசல் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி: எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை. மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. அவளுடைய அப்பா பணம் தருவதில்லை. "குழந்தையைக் காட்டு, அப்புறம் பார்ப்போம்" என்கிறார். கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் போகும் என்று பெரியம்மா தடுக்கிறார்.
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: ஜீவனாம்சம் உங்கள் மகளுக்குச் சேர வேண்டியது. திருமணம் ஆனதா என்பது இதில் கணக்கே இல்லை. 1998-ஆம் ஆண்டின் 99-ஆம் எண் ஜீவனாம்சச் சட்டத்தின்படி, பெற்ற இருவரும் அவரவர் வசதிக்கேற்பத் தாங்க வேண்டும். பிள்ளைக்கு உரியதைக் கேட்டு வாங்குவதில் மானம் எங்கே போகிறது? பெரியம்மாவையும் கூடவே கூட்டிப்போங்கள்.

நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜீவனாம்ச அலுவலரைப் பாருங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உங்கள் அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், செலவு ரசீதுகள், அவருடைய வீட்டு முகவரியும் வேலையிட முகவரியும் எடுத்துப் போங்கள். அதிகமாக இழுபடுவது முகவரியால்தான். முகவரி தவறாக இருந்தால் அழைப்பாணை அவர் கையில் சேராது, தேதி தள்ளிப்போகும்.

செலவுப் பட்டியலை வீட்டிலேயே போட்டு முடியுங்கள். வழக்கமான முறையில் பெரியவருக்கு இரண்டு பங்கு, குழந்தைக்கு ஒரு பங்கு. நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டு வாடகை 4,500 ராண்ட் என்றால் மகள் பங்கு 1,500. தண்ணீர், மின்சாரம் 900 என்றால் 300. கிரெச் 1,400, சாப்பாடு 800, நாப்பி, துணி, கிளினிக்குப் போகும் டாக்ஸி எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 4,500. உங்கள் வருமானம் 6,000, அவருடையது 12,000 என்று வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3,000, அவர் தர வேண்டும். பலர் வாடகையில் பிள்ளையின் பங்கை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். விட்டது விட்டதுதான்.

இருவரும் ஒத்துப்போனால் அதையே நீதிமன்ற ஆணையாக்கிவிடுவார்கள். அப்பா நான் இல்லை என்று மறுத்தால் டிஎன்ஏ பரிசோதனை உண்டு. ஆணைப்படி பணம் வராமல் பத்து நாள் கடந்தால், அவர் சம்பளத்திலிருந்தே பிடிக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கொடுக்காமல் இருப்பது குற்றமும்கூட. ஆகவே பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். கையில் வாங்கினால் எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்று காட்ட முடியாது.

பார்க்க விடுவது தனி விஷயம். பணம் தராததற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும் தவறு, காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் தவறு. அவரோடு பழகாத இந்த வயதில், சனி ஞாயிறு முழுக்க அனுப்புவதைவிட, மகளுக்குப் பழகிய இடத்தில் வாரம் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம் என்று தொடங்குவது நல்லது. ஒத்துவரவில்லை என்றால் பிள்ளைகள் பற்றிய சச்சரவைப் பார்க்கும் அரசின் ஃபேமிலி அட்வகேட் அலுவலகம் இலவசமாகப் பேசி முடித்துவைக்கும். அடித்துத் துன்புறுத்திய வரலாறு இருந்தால் முதல் நாளே அதை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இருபது மாதக் குழந்தை. ராத்திரியில் வயிற்றுப்போக்கு வந்தால் கூட ஆள் இல்லை, வண்டியும் இல்லை. வீட்டில் என்ன செய்யலாம்?
— வாசகி, டொங்காட்

பதில்: உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்குங்கள்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய எட்டு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கத்தி முதுகால் வழித்து அளந்துகொள்ளுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து, குத்துமதிப்பாகப் போடவே கூடாது. ஒவ்வொரு முறை போனபின்னும் கால் கப்பிலிருந்து அரை கப் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி இன்னும் மெதுவாக. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கூல்டிரிங்க் கொடுத்தால் அதிலுள்ள சர்க்கரையே போக்கைக் கூட்டும். தாய்ப்பால், கஞ்சி, குழைந்த பருப்புச்சோறு எதையும் நிறுத்த வேண்டாம். காலையில் கிளினிக்கில் துத்தநாக மருந்து கேளுங்கள்.

கண் உள்வாங்கினாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும், எதைக் கொடுத்தாலும் கக்கினாலும், துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. அழைத்துவிட்டுக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். துவண்டோ வலிப்பிலோ இருக்கும் குழந்தைக்கு மட்டும் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒண்டியாக இருப்பவர்கள் ரோட் டு ஹெல்த் புத்தகம், இரண்டு நாப்பி, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர் போட்ட பையைக் கதவருகே மாட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனைவி இறந்து ஆறு மாதம். மகளுக்கு இரண்டு வயது. பெண் பிள்ளையை ஆம்பிளை எப்படி வளர்ப்பான் என்று என் அக்கா அவளைத் தன்னிடம் கொடுத்துவிடக் கேட்கிறார். அரசு உதவியும் அம்மாக்களுக்குத்தான் என்கிறார்கள்.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பிள்ளையைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் அந்த உதவித்தொகை. வருமான வரம்புக்குள் இருந்தால் அப்பாவும் அரசு உதவித்தொகை வழங்கும் சாசா (SASSA) அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக உயர்ந்தது.

குளிப்பாட்டுவதும் கழுவிவிடுவதும் பழகினால் வருவதுதான். எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள், நுரை சோப்புத் தண்ணீரில் உட்கார வைக்காதீர்கள். தலை சிக்கெடுக்க எண்ணெய் தொட்டு, முடியை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் நாளைக்குச் சீப்பைக் கண்டாலே ஓடுவாள்.

அம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். "தூங்குறாங்க" என்று சொல்லாதீர்கள், படுக்கப் பயப்படுவாள். "அம்மா செத்துப்போயிட்டாங்க, திரும்ப வர முடியாது, அப்பா இருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். அக்காவின் அன்பை ஒதுக்க வேண்டாம். அம்மாவை இழந்த பிள்ளை வீட்டையும் உங்களையும் சேர்த்து இழக்கக் கூடாது என்று சொல்லி, அவரைத் தினம் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: காரில் ஆயா மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?
— வாசகி, மெரேபேங்க்

பதில்: போதாது. மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரில் தனி இருக்கை 2015 மே 1 முதல் சட்டப்படி கட்டாயம். பழையது வாங்கினால் அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள், விபத்தில் சிக்கியதை வாங்காதீர்கள். குளிருக்குப் போட்ட தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டுங்கள். மாட்டியபின் தோள்பட்டை வாரைக் கிள்ளிப் பார்த்தால் விரலுக்குள் மடிப்பு சிக்கக் கூடாது.