இறுதிப் பதிப்பு கையில் இருக்கும்போது, ஒரு கணினி விளையாட்டின் முதல் பதிப்பை ஏன் தேட வேண்டும்?

"மெருகேற்றிய பதிப்பு எளிதாகக் கிடைக்கும்போது, அரைகுறையான ஆரம்பப் பதிப்புகளைத் தேடிப்பிடித்து விளையாடுவது வெறும் பழம்பெருமைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஏதோ ஒரு பழைய விளையாட்டைப் புதிய வடிவில் முடித்துவிட்டு, இதற்கு மேல் இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என எண்ணுகிறேன். இதே கேள்வியை உடன் பணிபுரிவோர் என்னிடம் பலமுறை கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

எனக்கு நன்கு பழக்கமான 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படமோ ஒலியோ இல்லாமல் முழுக்க எழுத்தால் ஆன விளையாட்டு இது. ஒரு சாலையின் முடிவில், சிறிய செங்கல் கட்டடத்தின் முன்னால் நீங்கள் நிற்பதாகத் திரையில் வரும். ஓரிரு சொற்களில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, விளக்கை எடுத்துக்கொண்டு, இரும்புக் கிராதியைத் திறந்து குகைக்குள் இறங்க வேண்டும். நான் படித்த கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவிய கணினிகளில் இது ஏற்கெனவே இருந்தது. டிராகன், பாலத்துக்குக் காவல் நிற்கும் பூதம், சங்கிலியில் கட்டிய கரடி, பொக்கிஷத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் கடற்கொள்ளையன், முழுமையாக முடித்தால் 350 புள்ளிகள் என்று எல்லா வகையிலும் நிறைவான விளையாட்டு அது. அதை நான் குறைத்துப் பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அது இரண்டாவது பதிப்பின் வழிவந்தது. முதல் பதிப்பை எழுதியவர் வில் க்ரௌதர். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டை உருவாக்கிய பிபிஎன் நிறுவனத்தில் நிரலாளராக இருந்த அவர், கென்டக்கி மாநிலத்து மேமத் குகைத் தொகுதிக்குள் ஊர்ந்து சென்று அளவெடுத்து, அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடம் தயாரித்தவரும் ஆவார். 1972 செப்டம்பரில், ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மேமத் குகையும் உள்ளுக்குள் இணைந்திருப்பதைக் கண்டறிந்த குழுவில் அவர் மனைவி பட்ரீசியா இருந்தார். பின்னர் மணமுறிவு ஏற்பட்டு, குகைப் பயணங்களும் நின்றுபோன நிலையில், தம் மகள்கள் விளையாடுவதற்காக 1975-76 வாக்கில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் க்ரௌதர் இதை எழுதினார். களமாக அவர் எடுத்துக்கொண்டது, தாம் நேரில் அறிந்த பெட்குயில்ட் என்ற குகைப் பகுதி.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த டான் வுட்ஸ் அந்த நிரலை அங்கிருந்த கணினி ஒன்றில் கண்டெடுத்து, அர்ப்பாநெட்டில் அன்று இருந்த எல்லாக் கணினிகளிலும் 'க்ரௌதர்' என்ற பெயருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுதியவரைக் கண்டுபிடித்து அனுமதி பெற்றார். 1977-இல் அவர் விரித்து எழுதிய வடிவமே உலகெங்கும் பரவியது. புள்ளிக் கணக்கும் நான் மேலே சொன்ன டிராகன் முதலானவையும் அவர் சேர்த்தவை. க்ரௌதரின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005-இல், ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் பழைய மாணவர் கணக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த காப்புப் பிரதியில் அது கிடைத்தது. ஆய்வாளர் டென்னிஸ் ஜெர்ஸ் அதை ஆராய்ந்து, கென்டக்கிக்கே சென்று குகையோடும் ஒப்பிட்டு, 2007-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

நான் தேடத் தொடங்கியது அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான். 'அசல் 1976 பதிப்பு' என்ற பெயரில் தரவிறக்கத்துக்குக் கிடைப்பவற்றில் பல அசல் அல்ல. வுட்ஸின் நிரலையோ அதற்கும் பிந்தைய மாற்றத்தையோ எடுத்து, ஆண்டை மட்டும் முன்தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சரிபார்ப்பது எளிது. புள்ளிகளைக் கேட்டால் கணக்குச் சொல்கிறதா, கடற்கொள்ளையன் வருகிறானா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அது க்ரௌதருடையது அன்று.

உண்மையான மூல நிரல் சுமார் 700 வரிகள்தான். ஏறக்குறைய அதே அளவுக்குத் தரவுக் கோப்பு ஒன்று தனியாக இருக்கிறது. அந்த நிரலை இன்றைய கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அப்படியே ஏற்காது. பிடிபி-10 கணினியில் 'சொல்லிடம்' எனப்படும் நினைவக அலகு ஒன்று 36 பிட், அதாவது 36 இரும இலக்கங்கள், கொண்டது. ஓர் எழுத்துக்கு ஏழு பிட் வீதம் ஐந்து எழுத்துகள் அதில் அடங்கும். ஆகவே நீங்கள் எவ்வளவு நீளமான சொல்லைத் தட்டினாலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே விளையாட்டு பார்க்கிறது. இன்றைய கம்பைலரில் ஒரு முழு எண்ணுக்குரிய வழக்கமான இடத்தில் நான்கு எழுத்துகளே அடங்கும் என்பதால், முழு எண்ணின் அளவை எட்டு பைட்டாக உயர்த்தி, சொற்களைப் பிரிக்கும் பகுதியையும் மாற்றி எழுதிய பிறகே என் கணினியில் அது ஓடியது. அந்த வேலையில் நான் கற்றதை எந்த மெருகேற்றிய பதிப்பும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது. விளையாட்டின் புகழ்பெற்ற மந்திரச் சொல்லான 'எக்ஸ்ஒய்இசட்இசட்ஒய்' (xyzzy) சரியாக ஐந்து எழுத்து கொண்டது. தரவுக் கோப்பில் அது, 3ஆம் எண்ணுள்ள செங்கல் கட்டடத்தையும் 11ஆம் எண்ணுள்ள குப்பை அடைந்த அறையையும் இணைக்கும் இன்னொரு வழியாக, வடக்கு தெற்கு என்ற திசைகளுக்கான பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது.

விளையாடும்போது கிடைத்த அனுபவமும் வேறு. புள்ளிகள் இல்லாததால் அவசரமும் இல்லை. கூழாங்கற்கள் மேல் தவழ்ந்து செல்லும் தாழ்ந்த வழி, சரிவான பள்ளத்தாக்கு, பறவை இருக்கும் உயரமான அறை என ஒவ்வோர் இடத்தையும் நின்று படிக்கத் தோன்றுகிறது. இந்த விளையாட்டை நன்கு ஆடிய குகை ஆய்வாளர் ஒருவர், பெட்குயில்டுக்குள் முதன்முறை சென்றபோதே வழி அறிந்து நடந்தார் என்ற பதிவு உண்டு. முதல் பதிப்பை ஆடிய பிறகு அதில் எனக்கு வியப்பே இல்லை. குகையை நேசித்த ஒருவர், தாம் இனிப் போகாத இடத்தைத் தம் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுகிறார் என்பது இரண்டாம் பதிப்பின் பொக்கிஷங்களுக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. முதல் பதிப்பில் அது மட்டும்தான் இருக்கிறது.

இதைப் பழைய நினைவுகளின் ஏக்கம் என்பவர்கள், அந்த நிரல் எழுதப்பட்டபோது நான் பிறக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது திருட்டுப் பிரதி என்று யாரேனும் வாதிடக்கூடும். வுட்ஸின் 1995-ஆம் ஆண்டு விரிவாக்கம் ஆசிரியர்கள் இருவரின் ஒப்புதலோடு 2017-இல் திறந்த மூல நிரலாக வெளிவந்தது, க்ரௌதரின் நிரலோ ஆய்வுக்கட்டுரையோடு வெளிப்படையாகவே தரப்பட்டது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல், கணினித் தரவுகள் பதிந்த பழைய காந்த நாடாக்களைப் பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டார்கள், எடுத்துச் சொன்ன எனக்கு "யாருக்கு வேண்டும் அதெல்லாம்?" என்பதே பதிலாகக் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டிலும் அப்படி நினைத்திருந்தால் நான் இங்கே எழுதும் எதையும் யாராலும் எழுதியிருக்க முடியாது.

நீங்கள் முயல விரும்பினால் முதலில் க்ரௌதரின் பதிப்பை ஆடுங்கள். கையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரைபடத்தை நீங்களே வரையுங்கள். விடைக் குறிப்புகளைத் திறக்காதீர்கள். நிரலைத் திருத்த நேரமில்லையென்றால், இன்றைய கணினிகளுக்கு ஏற்ப மாற்றிய வடிவங்கள் உரைவழி விளையாட்டுகளுக்கான இணையக் காப்பகங்களில் கிடைக்கின்றன. அதை முடித்த பிறகு வுட்ஸின் 350 புள்ளிப் பதிப்புக்குப் போங்கள். எந்த அறை கென்டக்கியில் இருக்கிறது, எது ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது என்பதை நீங்களே பிரித்துச் சொல்வீர்கள்.