பழைய காரை ஒப்படைக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1996-இல் பதிவான புரோட்டோன் இஸ்வாரா இருக்கிறது. கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அதில்தான் போய் வருகிறோம். பழைய காரை அழிக்கக் கொடுத்துவிட்டுப் புரோட்டோன், பெரோடுவா போன்ற புதிய தேசியக் கார் வாங்கினால் அரசாங்கம் 4,000 வெள்ளி வரை தருகிறது, கொடுத்துவிடலாம் என்று மகன் வற்புறுத்துகிறான். என்ன செய்யலாம்?
— ஓய்வுபெற்ற தோட்டப் பணியாளர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மகன் கேள்விப்பட்டது சரியே, ஐயா. மலேசியப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2025 அக்டோபர் 10-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்த 2026-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை அழிக்க ஒப்படைத்துவிட்டுத் தேசியக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. தேசியக் கார் உற்பத்தியாளர்களும் பங்கேற்கும் இத்திட்டத்துக்கு அரசாங்கம் 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. முழுத் தொகையையும் அரசே ஏற்றால் 2,500 கார்களுக்கும், பாதியை உற்பத்தியாளர் ஏற்றால் 5,000 கார்களுக்கும் மட்டுமே அப்பணம் போதும் என்பதால், ஒதுக்கீட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் விற்பனை நிலையத்தில் முதலில் கேட்க வேண்டும்.

இப்படியொரு திட்டம் நம் நாட்டில் வருவது முதன்முறையன்று. 2009 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது பொருளாதார ஊக்குவிப்புத் தொகுப்பில், பத்தாண்டு பழைய காரைக் கொடுத்துப் புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கியவர்களுக்கு 5,000 ரிங்கிட் கழிவு வழங்கப்பட்டது. விற்பனை மந்தமாக இருந்த அந்த நேரத்தில் கார்த் தொழிலைத் தூக்கி நிறுத்துவதே அப்போதைய நோக்கம் என்பதை மறைக்கவும் இல்லை. இப்போதைய திட்டத்தில் சாலைப் பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் பேசப்படுகின்றன. ஆனாலும் இது புதிய கார் வாங்குவோருக்கான சலுகையே தவிர, பழைய கார் வைத்திருப்போருக்கான உதவி அன்று. உங்கள் முடிவு இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புதிய காருக்கு 30,000 ரிங்கிட் கடன் வாங்குகிறீர்கள், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி, ஒன்பது ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் 8,100 ரிங்கிட் ஆகிறது. மாதத் தவணை ஏறக்குறைய 353 ரிங்கிட். இத்திட்டத்தால் கிடைக்கும் 4,000 ரிங்கிட் அந்த வட்டியில் பாதிக்குக்கூட எட்டவில்லை. இதுவரை மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு சமாளித்து வந்திருந்தாலும், கடன் முடியும்வரை முழுமையான காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்று வங்கி கேட்கும். மேலும், உங்கள் இஸ்வாரா ஓடும் நிலையில் இருப்பதால், அதை வெளியில் விற்றாலும் ஏதோ ஒரு விலை கிடைக்கும். ஒருவர் 2,500 ரிங்கிட் தர முன்வருகிறார் என்றால், இத்திட்டத்தால் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் கூடுதல் பயன் 1,500 ரிங்கிட்தான். இதை எந்த விளம்பரமும் உங்களுக்கு எடுத்துச் சொல்லாது.

மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். 1996-ஆம் ஆண்டு இஸ்வாராவில் காற்றுப்பை கிடையாது. மழைக்காலத்தில் ஈப்போ நெடுஞ்சாலையில், பேரப்பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து, பாரம் ஏற்றிய செம்பனைக் குலை லோரிகளுக்கு இடையில் ஓட்டிச் செல்கிறீர்கள் என்றால் அது சிறிய செய்தி அன்று. மகன் தம் சம்பளத்தில் எப்படியும் இந்த ஆண்டு கார் வாங்கத்தான் போகிறார், தவணையும் அவருடைய பொறுப்பு என்றால், தாராளமாக இத்திட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 4,000 ரிங்கிட் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் உங்கள் சேமநிதிப் பணத்தை முன்பணமாகப் போட்டு வாங்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. பிரேக்கையும் டயரையும் இருக்கைப் பட்டைகளையும் நல்ல பட்டறையில் சரிபார்த்து, இருக்கும் காரை ஓட்டலாம். பழைய கார் உங்கள் பெயரிலும் புதிய கார் மகன் பெயரிலும் இருந்தால் சலுகை பொருந்துமா என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் எங்கள் பழைய பெரோடுவா கன்சில் கார் பல ஆண்டுகளாக நிற்கிறது. அடிப்பலகை துருப்பிடித்து, கதவைத் திறந்தால் தரையில் புல் தெரிகிறது. பழைய இரும்பு வாங்கும் லோரிக்காரர் 600 வெள்ளி தருகிறேன், கிராண்ட்கூட (வாகனப் பதிவுச் சான்று) வேண்டாம், இன்றே தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறார். புதிய கார் வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கொடுத்துவிடலாமா?
— வாசகி, அதே வட்டாரம்

பதில்: ‘கிராண்ட்கூட வேண்டாம்’ என்று அவர் சொல்வதைக் கேட்டால் வசதியாகத் தெரியும், அம்மா. நீங்கள் அஞ்ச வேண்டியது அந்தச் சொல்லுக்குத்தான். கார் உங்கள் வாசலைவிட்டுப் போய்விட்டாலும், சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் அது உங்கள் கார்தான். அதன் எண் பலகையைக் கழற்றி வேறொரு காரில் பொருத்தினால், அந்தக் கார் வாங்கும் சம்மன் உங்கள் பெயருக்கு வரும். திருடப்பட்ட ஒரு காருக்கு, அழிக்கப்பட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு காரின் பதிவு எண்ணையும் அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணையும் கொடுத்து ஓடவிடும் மோசடி நம் நாட்டில் அறியாத ஒன்றன்று. காவல் துறை தேடிக்கொண்டு வரும்போது, ‘லோரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்’ என்ற பதிலுக்குச் சான்றாக உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

சரியான வழி ஒன்று இருக்கிறது. காலாவதியான வாகனங்களைச் சட்டப்படி பிரித்து அழிக்க உரிமம் பெற்ற நிலையங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன; ஏ.ஏ.டி.எஃப். என்ற சுருக்கப் பெயரால் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். காரை அங்கே ஒப்படைத்தால் அழிப்புச் சான்றிதழும், சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு ரத்தானதற்கான ஆவணமும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் உங்கள் கைக்கு வரும்வரை விவகாரம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் முன்பே நிலுவையிலுள்ள சம்மன்களைக் கட்டிவிட வேண்டும். எப்போதோ வங்கிக் கடனில் வாங்கிய கார் என்றால், கடனை அடைத்து முடித்திருந்தாலும், வங்கியின் உரிமைக் குறிப்பு பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் கடைசித் தவணையைக் கட்டியதோடு இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் நம் வட்டாரத்துக் கார்களில் அடிக்கடி தலைகாட்டும். பழைய இன்ஜின் போனதும் பட்டறையில் வேறு இன்ஜின் இறக்கிப் போட்டிருப்பார்கள். அந்த மாற்றத்தைப் பதிவு செய்திருக்கமாட்டார்கள். அப்படியானால் கிராண்டில் இருக்கும் இன்ஜின் எண்ணும் காரில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகா. அடிச்சட்ட எண் பொறித்த இடத்தில் துரு ஏறி எழுத்து படிக்க முடியாமல் போவதும் உண்டு. ஒரு துணியில் சிறிது மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடைத்து, கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டவோ அரம் போட்டுத் தேய்க்கவோ கூடாது. எண்ணைத் திருத்த முயன்றதாகச் சந்தேகம் எழும்.

சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத காரை, ‘கொஞ்ச தூரந்தானே’ என்று நீங்களே ஓட்டிக்கொண்டு போகவும் கூடாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அது குற்றம். இழுவை லோரியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை நிலையத்தோடு பேசும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாச் செலவும் போக, லோரிக்காரர் தருவதாகச் சொன்ன 600 ரிங்கிட்டைவிடக் குறைவாகவும் கைக்கு வரலாம். அந்த வித்தியாசத்தைக் கொடுத்து உங்கள் பெயரைப் பாதுகாத்துக்கொள்வதாக எண்ணுங்கள்.

லயத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு மேலும் ஒன்று சொல்கிறேன். வெட்டவெளியில் காரைப் பிரிக்கும்போது இன்ஜின் எண்ணெய், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் நீர் எல்லாம் மண்ணுக்குத்தான் போகின்றன. மழை பெய்தால் அங்கிருந்து கால்வாய்க்குப் போகின்றன. பேட்டரியின் எடையில் பெரும்பகுதி ஈயம், மீதியில் கந்தக அமிலமும் இருக்கிறது. அதனால்தான் பயன்படுத்திய மசகு எண்ணெயையும் ஈய அமில பேட்டரிகளையும், 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் தனிக் கட்டுப்பாடு தேவைப்படும் கழிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அந்தக் கால்வாயோரத்தில் கீரை பயிரிடுகிறவர்களும் நம் ஆட்கள், அதில் இறங்கி விளையாடுகிறவையும் நம் பிள்ளைகள்.

கேள்வி: கணவர் தவறிவிட்டார். கார் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க முடியுமா?
— வாசகி, தாமான் குடியிருப்பு

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன், சகோதரி. மனைவி என்ற உறவு மட்டும் அந்தக் கையெழுத்துக்குப் போதாது. காரும் அவர் விட்டுச் சென்ற சொத்துகளில் ஒன்று என்பதால், அதைக் கையாளும் உரிமையை உங்களுக்கு வழங்கும் ஆவணம் வேண்டும். அதை அரசு அறங்காவலர் நிறுவனமான அமானா ராயா வழியாகவோ நீதிமன்றத்தின் வழியாகவோ பெறலாம். காருக்கென்று தனியாக அலையாதீர்கள். வங்கிச் சேமிப்பு முதலிய மற்றவற்றுக்கும் இதே நடைமுறை தேவைப்படும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். ஆவணம் கைக்கு வருவதற்குள் கணவரின் கையெழுத்தை யாராவது போட்டுக் கொடுத்தால் போதும் என்று தரகர் எவரேனும் சொன்னால், அதற்கு இணங்க வேண்டாம். அது போலிக் கையெழுத்து. பின்விளைவு உங்களையும் பிள்ளைகளையும்தான் சேரும்.

கேள்வி: நன்றாக ஓடும் காரை எதற்காக நசுக்க வேண்டும்? வசதி இல்லாத ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் பயன்படுமே?
— பட்டறைப் பயிற்சி மாணவர்

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, தம்பி. அமெரிக்காவில் 2009 கோடையில் இதே போன்ற திட்டம் நடந்தது. பழைய காரைக் கொடுத்தவர்களுக்கு 3,500 அல்லது 4,500 டாலர் கிடைத்தது; ஏறக்குறைய ஒரே மாதத்தில் 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஒப்படைக்கப்பட்டன. மறுபடியும் சாலைக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக, இன்ஜின் எண்ணெயை வடித்துவிட்டு, அந்த இடத்தில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார்கள். சூட்டில் நீர் ஆவியாகி, மிச்சம் கண்ணாடிபோல் படிந்து, சற்று நேரத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். பட்டறையில் பயிலும் உங்களுக்கு அதைப் பார்க்க மனம் வலிக்கும். பின்னர் ஆராய்ந்த பொருளியலாளர்கள், அப்போது வாங்கியவர்களில் பலர் சில மாதங்கள் கழித்து எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களே என்று கண்டார்கள்.

கார் உண்மையிலேயே அழிக்கப்படுகிறதா என்று சரியாகக் கண்காணிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜெர்மனி அதே ஆண்டில், ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காருக்கு 2,500 யூரோ கொடுத்தது. நசுக்கப்பட வேண்டிய கார்களில் ஒரு பகுதி கள்ளத்தனமாக ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் போய்க்கொண்டிருப்பதாக அந்நாட்டுக் குற்றப் புலனாய்வு அதிகாரிகள் சங்கமே எச்சரித்தது. அரசு பணம் கொடுத்தும் அந்தக் கார்களின் புகை குறையவில்லை, இடம்தான் மாறியது.

ஆகவே, ஊக்கத்தொகை கொடுத்து வாங்கும் காரை அழிப்பது தேவை என்றே நான் கருதுகிறேன்; ஆனால், காரில் உள்ள அனைத்தையும் அழிக்க வேண்டியதில்லை. முறையான நிலையத்தில் முதலில் எரிபொருளையும் எண்ணெய்களையும் வடிப்பார்கள். குளிர்சாதன வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சி எடுப்பார்கள். மிகப் பழைய கார்களில் இருக்கும் ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கக்கூடியது. பிறகு பயன்படும் கதவு, விளக்கு, ஆல்டர்னேட்டர் போன்றவை தனியே பிரிக்கப்படும். வினையூக்கிப் புகைவடிகட்டி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) இருந்தால் அதிலுள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மீட்கப்படும். எஞ்சிய கூடு நசுக்கப்பட்டு எஃகாலைக்குப் போகும். பழைய கார்களையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு இப்படி வரும் உதிரிப் பாகங்கள் மலிவு விலையில் கிடைத்தால், நீங்கள் கேட்ட உதவி ஓரளவு அவர்களைச் சென்றடையும். இத்தொழிலில் பயிற்சி பெற்றவர்களுக்கு வேலையும் இருக்கிறது. உங்கள் பயிற்சி நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: விபத்தே இல்லாமல் ஓட்டியதால் காப்புறுதியில் 55 விழுக்காடு கழிவு கிடைத்து வந்தது. காரை அழிக்கக் கொடுத்தால் அது போய்விடுமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: போகாது. அந்தக் கழிவு காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. 55 விழுக்காடு என்பது தனியார் காருக்கான உச்ச அளவு. ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் ஓட்டிச் சேர்த்தது. பதிவு ரத்தான ஆவணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் காட்டிப் பழைய காப்புறுதியை நிறுத்தி, எஞ்சிய மாதங்களுக்கான கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். கழிவைப் புதிய காருக்கு மாற்றித் தரும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பதிவு ரத்தாகும் முன் காப்புறுதியை நிறுத்த வேண்டாம். கார் உங்கள் பெயரில் இருக்கும் கடைசி நாள்வரை அது நடப்பில் இருக்கட்டும்.