கார் நடுவில் ஓடும் அந்த இரட்டைக் கோடு எதற்கு?

வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது நாட்டு அடையாளத்திலிருந்து வந்தது. அந்தக் காலப் பந்தயங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம்: இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்ஸுக்கு நீலம். அமெரிக்காவுக்கு வெள்ளை உடல், அடியில் தெரியும் சட்டம் (சேஸி) மட்டும் நீலம். அப்புறம் உடல் தகடு சட்டத்தையே மூடிவிட, நீலத்தைக் காட்ட இடமில்லாமல் போனது, அதனால்தான் அது கோடாக மேலே ஏறியது என்கிறார்கள். 1950களில் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சொந்தக் கார்களோடு போன அமெரிக்கர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் அணியால் பிரபலமாகி, இன்றும் சிலரால் அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

இந்தக் கோட்டைச் சாதாரணச் சாலைக் கார்களுக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பிக்குப் பெரிய பங்கு. ஃபோர்டு மஸ்டாங்கை வைத்து அவர் செய்த 1965 ஜிடி350 கார்கள் எல்லாமே வெள்ளை. மேலே ஓடும் நீலப் பட்டைகளோ கேட்டவர்களுக்கு மட்டும்தான், ஆனால் இன்று அந்தக் காரை நினைத்தாலே கோடுதான் கண்ணில் நிற்கிறது.

நீங்களும் உங்கள் காரில் இதை ஸ்டிக்கராக ஒட்டப் போகிறீர்களா? சரி, ஒட்டுங்கள், ஆனால் வெயிலில் நிற்கும் வண்டியில் சில வருடம் கழித்து உரித்தால், மூடியிருந்த இடம் மட்டும் புதுசாகவும் சுற்றிலும் வெளுத்தும் இருக்கும். உரிக்கும்போது ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுங்கள். சின்ன ஹேட்ச்பேக்குக்குப் பானட் முழுக்கப் பட்டை என் கண்ணுக்கு அதிகம்தான்.